செயலாளர் ஆண்டறிக்கை (சர்ரே டூர்கள், கணக்கு, இன்னும் கொஞ்சம்)

இங்கிலாந்துல சர்ரேல இருக்குற நம்ம தமிழ்ச் சங்கத்துக்காரங்க எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம்னு ரெண்டு பேர் சொன்னாங்க, அதனால இந்த தடவை ஒரு பக்கத்துல முடிச்சிரணும்னுதான் உக்காந்தேன், முடியல.

பொங்கல் விழா நல்லபடியா நடந்துச்சு. சித்திரைக்கு ஹால் கிடைக்காம ஒரு வாரம் தள்ளி வச்சோம். மே மாசம் விஸ்லி தோட்டம், பூ பாத்தோம், போட்டோ எடுத்தோம். கமிட்டி நாலு தடவை கூடுச்சு, அதுல ரெண்டு தடவை முடிவு எடுக்குற அளவுக்கு ஆளு (கோரம்) சேரல.

ஜூன்ல பாக்ஸ் ஹில். 2012 ஒலிம்பிக்ஸ்ல சைக்கிள்காரங்க ஒன்பது சுத்து ஏறி இறங்குன மலை, நம்மாளுங்க கார் பார்க்ல இருந்து வியூ பாயிண்ட் வரைக்கும் நடக்குறதுக்குள்ளயே புளியோதரை டப்பாவ திறந்துட்டாங்க. கீழ மோல் ஆத்துல கல்லு கல்லா தாண்டிப் போற இடத்துல ஒரு பையன் வழுக்கி முழங்கால் வரைக்கும் நனைஞ்சான், அவ்வளவுதான், ஆனா வாட்ஸ்அப் குரூப்ல அது "ஆத்துல மூழ்கிட்டான்"னு ஓடிருச்சு. மூழ்கலன்னு இங்க பதிவு பண்ணிக்கிறேன்.

ஆகஸ்ட்ல தோர்ப் பார்க், ராட்டினம், ரோலர்கோஸ்டர் எல்லாம் இருக்குற தீம் பார்க். 61 பேர். ஞாயித்துக்கிழமை காலைல ஏழரைக்கு கோச் கிட்ட வந்து நின்னாங்க, ஒருத்தர்கூட லேட் இல்ல, காசும் முன்னாடியே வந்துருச்சு. 2024ல திறந்த அந்த ஹைப்பீரியா ரைடுல ஏறுறதுக்கு எவ்வளவு நேரம் க்யூல நின்னாங்கன்னு நான் சொல்ல வேண்டாம், நின்னவங்களுக்கே தெரியும். இத ஏன் சொல்றேன்னா அடுத்து வர்றதுக்காகத்தான்.

அக்டோபர்ல கேம்பர்லி டூர். இது என்னோட யோசனைதான், ஒத்துக்கிறேன். நம்ம வீட்டுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள, கேம்பர்லிக்கு பக்கத்துல ஃப்ரிம்லி செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் இருக்கு, அங்கதான் பென்னிகுவிக் கல்லறை. முல்லைப் பெரியாறு அணை கட்டுன மனுஷன். மேற்க ஓடி அரபிக் கடல்ல விழுந்துக்கிட்டு இருந்த ஆத்த சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூளு) போட்டு மறிச்சு, மலைய குடைஞ்சு கிழக்க திருப்பி 1895ல வைகை பக்கம் விட்டாரு. எங்க கம்பம் பள்ளத்தாக்குல அவரு போட்டோ சாமி படத்தோட மாட்டியிருக்கும், பொறந்த நாள் ஜனவரி 15ங்கிறதால பொங்கலே அவருக்குத்தான்னு வைப்பாங்க, பிள்ளைங்களுக்கு அவரு பேரே வைப்பாங்க. தமிழ்நாடு அரசாங்கம் 2022ல கேம்பர்லியில சிலையும் வச்சிருச்சு. இருபது வருஷமா சர்ரேல இருந்துக்கிட்டு இத போய் பாக்கலன்னா எப்படின்னு கேட்டேன், குரூப்ல 43 தம்ஸ் அப் விழுந்துச்சு. அத நம்பி 49 சீட் கோச் சொன்னேன், அட்வான்ஸ் என் கார்டுல.

வந்தவங்க 18 பேர்.

மழைன்னு சொன்னாங்க. தோர்ப் பார்க் அன்னைக்கும் மழைதான். கிரிக்கெட், பர்த்டே பார்ட்டி, பிள்ளைக்கு டியூஷன், எல்லாம் கேட்டுட்டேன். "கல்லறைக்கு போனா வீட்டுக்கு வந்து குளிக்கணுமே"ன்னு ஒருத்தர், அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு இன்னும் தெரியல.

ஆனா வந்த 18 பேருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். நம்ம உறுப்பினர் ஒருத்தரோட அம்மா சின்னமனூர்ல இருந்து விசிட்ல வந்திருந்தாங்க, கல்லறை கிட்ட போனதும் ஈரப் புல்லுல செருப்ப கழட்டிட்டாங்க, வழியில சூப்பர்மார்க்கெட்ல வாங்குன மஞ்ச சாமந்திய வச்சாங்க, பாதி விலை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்துச்சு, யாரும் உரிக்கச் சொல்லல. "ரெண்டு போகம் விளைய வச்ச சாமி"ன்னு மட்டும் சொன்னாங்க. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் கோச்ல ஏறும்போது "உங்கட ஊர்த் தண்ணிக்கு நாங்கள் ஏன் வர வேணும்"னு கிண்டல் பண்ணவரு, அங்க நின்னு "எங்கட இரணைமடுக் குளமும் வெள்ளைக்காரன்ர காலத்தில கட்டினதுதான் தம்பி"ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் குளத்து கதை சொன்னாரு.

மத்தியானம் ரன்னிமீட். 1215ல ஜான் ராஜா, ராஜாவோட அதிகாரத்துக்கு வரம்பு கட்டுன மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வச்ச தேம்ஸ் கரை புல்வெளி, அதோட நினைவா அமெரிக்க வக்கீலுங்க 1957ல வச்ச தூண் மண்டபம் இருக்கு. அதுக்கு மேல கூப்பர்ஸ் ஹில், விமானப்படை நினைவிடம், ரெண்டாம் உலகப் போர்ல செத்து கல்லறை இல்லாம போன 20,000க்கும் மேற்பட்டவங்க பேரு சுவத்துல வெட்டியிருக்கு, திப்பு சுல்தான் வம்சத்துல வந்த, பிரிட்டனுக்காக உளவு வேலை பாத்த நூர் இனாயத் கான் பேரும் அதுல ஒண்ணு, தேடிக் கண்டுபிடிச்சது நம்ம பிள்ளைங்கதான். அதே கூப்பர்ஸ் ஹில்லுலதான் இந்தியாவுக்கு இன்ஜினியர்கள தயார் பண்ற காலேஜ் இருந்துச்சு, அணை வேலை முடிஞ்சு வந்த பென்னிகுவிக் 1896ல இருந்து மூணு வருஷம் அதுக்கு தலைவரா இருந்திருக்காரு. நான் இத கோச்ல மைக்ல சொல்லும்போது 31 காலி சீட்டும் கவனமா கேட்டுச்சு.

கணக்கு பொருளாளர் தனியா வாசிப்பாரு. மொத்தத்துல பெரிய நஷ்டம் இல்ல, கோச் விஷயத்துல மட்டும் கை கடிச்சிருக்கு, அதுல சங்கத்துக்கு கொஞ்சம், எனக்கு கொஞ்சம். குடும்பத்துக்கு 30 பவுண்ட் சந்தா, பாதி பேர் கட்டல. பேர் சொல்ல மாட்டேன், தீபாவளி பார்சல் வாங்க முதல்ல வந்தவங்களும் அந்த லிஸ்ட்ல இருக்காங்க.

சமையல் கவனிச்ச அக்காமாருக்கும், மைக் செட் தம்பிக்கும், ஹால் பூட்டி சாவி கொடுத்தவங்களுக்கும் நன்றி. தலைவருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் பொங்கல ஜனவரி 15 ஒட்டி கேம்பர்லியில வைக்கலாமான்னு ஒரு எண்ணம் இருக்கு. இனிமே தம்ஸ் அப் எண்ண மாட்டேன், பேங்க்ல காசு வந்த தலைய மட்டும்தான் எண்ணுவேன். செயலாளர் பதவிக்கு வேற யாராச்சும் வர்றதா இருந்தா ரொம்ப சந்தோஷம், ரசீது புக்கு, பேனர், பெரிய சாம்பார் அண்டா எல்லாம் எங்க வீட்டு கராஜ்லதான் இருக்கு. அண்டாவ எடுக்க ரெண்டு பேர் வேணும், எஸ்டேட் காரா இருந்தா நல்லது.