முள்ளோடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் – புதுச்சேரி சாலையில் விபத்து நடந்தால், அடிபட்டவரின் குடும்பத்தாருக்குக் காவல் நிலையத்தில் பல சமயம் கிடைக்கும் முதல் பதில், "இது எங்க லிமிட் இல்லை" என்பதுதான். முள்ளோடை வரை புதுச்சேரி. அதைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், ரெட்டிச்சாவடி. பாகூர், மண்ணாடிப்பட்டு பக்கம் போனால் எல்லை வயலுக்கு வயல் மாறுகிறது. இங்கும் அங்கும் அலைந்து மூன்றாம் நாள் புகார் பதிவானால், பின்னால் இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் எடுத்தவுடன் கேட்பது, "ஏன் இந்தத் தாமதம்?"

அப்படி அலையத் தேவையே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வாங்கும் நிலையம் 'ஜீரோ எப்.ஐ.ஆர்.' பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பும். மாநில எல்லை இதற்குத் தடையல்ல. கவனக்குறைவாக வண்டி ஓட்டிக் காயப்படுத்தியதும், செயின் பறிப்பும், வண்டித் திருட்டும் இந்த வகையில்தான் வரும். இணையவழியில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

சம்பவ இடத்தில் முதல் வேலை 108 ஆம்புலன்ஸ், அடுத்தது 112 அவசர உதவி எண். எல்லையோரத்தில் அழைப்பு எந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது என்பது நம் போன் பிடித்திருக்கும் கோபுரத்தைப் பொறுத்தது. ஆகவே எடுத்தவுடன் மாநிலம், ஊர் இரண்டையும் சொல்லுங்கள். பிறகு கிலோமீட்டர் கல், மின்கம்ப எண், பக்கத்து பெட்ரோல் பங்க் என ஏதாவது ஒரு அடையாளம். வண்டிகளை ஓரம் கட்டுவதற்கு முன், அவை நின்ற நிலையை நம்பர் பிளேட்டோடு நாலு போட்டோ எடுத்துவிடுங்கள். உதவி செய்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவியவரைக் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

பெரும்பாலான வழக்குகள் கெடுவது மருத்துவமனையில். அடிபட்டவரைச் சேர்க்கும்போது பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், எப்படி அடிபட்டது என்று எழுதுவார். போலீஸ் தொல்லைக்குப் பயந்தோ, இடித்தவர் "செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கெஞ்சியதாலோ, "வண்டியிலிருந்து தானாக விழுந்தார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி போதும். இடித்தவர் ஒரு வாரம் கழித்துக் கைவிரித்த பிறகு புகார் கொடுத்தால், எதிர்த்தரப்பு அந்த ஏ.ஆர். நகலைத்தான் நீதிமன்றத்தில் நீட்டும். இன்ன வண்டி, இன்ன இடம், இன்ன நேரம் என்று நடந்ததைச் சொல்லுங்கள். வண்டி எண் நிச்சயமாகத் தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத வாகனம்" என்றே எழுதட்டும். ஊகித்துச் சொன்ன எண்ணைப் பிறகு மாற்றினால் புகாரையே சந்தேகிப்பார்கள்.

கடலூரில் அடிபட்டவரைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது நம் பகுதியில் வழக்கம். ஜிப்மரிலிருந்து போலீசுக்குப் போகும் தகவல் குறிப்பு நீங்கள் கொடுக்கும் புகார் ஆகாது. அது மாநிலம் தாண்டி உரிய நிலையத்தை அடைய நேரம் பிடிக்கும். குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு இருக்கட்டும். இன்னொருவர் எழுதிய புகாரோடு அன்றே சம்பவ இடத்து நிலையத்துக்குப் போகட்டும். உயிரிழப்பு நேர்ந்துவிட்டால் இது இன்னும் அவசியம். அந்த நிலையத்தின் அதிகாரி வந்து விசாரணை முடித்த பிறகுதான் பிரேதப் பரிசோதனை. உடல் கிடைப்பது அதற்கும் பிறகு. புதுச்சேரிப் பகுதியில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துக் காவல் பிரிவு பார்க்கிறது, கடலூர் மாவட்டத்தில் அந்தந்த ஊர்க் காவல் நிலையம் பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடலூர் பக்கம் பலர் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போகிறார்கள். அது மனு வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. இழப்பீட்டுக்கு எப்.ஐ.ஆர். வேண்டும். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். தேதி, நேரம், இடம், வண்டி எண் ஆகியவற்றைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பதிய மறுத்தால் புகாரை ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.

இடித்த வண்டி தெரியாமலே போனாலும் எப்.ஐ.ஆர். வீணாகாது. 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள மத்திய அரசின் இழப்பீட்டுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வண்டி தெரிந்த வழக்குகளில் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிடுவது பாதுகாப்பு. விபத்து புதுச்சேரியில் நடந்திருந்தாலும், கடலூரில் குடியிருப்பவர் கடலூரிலேயே மனு போடலாம்.

போன் வழியாகப் பணம் பறிபோனால் மட்டும் நிலையத்தைத் தேடி ஓடாதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க வேண்டும்.

இரு காவல் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். முள்ளோடையிலும், பாகூர், மண்ணாடிப்பட்டு எல்லைச் சாலைகளிலும் "இதுவரை இன்ன நிலையம், இதற்கு மேல் இன்ன நிலையம்" என்று தொலைபேசி எண்ணோடு பலகை வையுங்கள். இரவிலும் தெரியும்படி ஒளிரும் எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்,
கடலூர்.