செயலாளரின் ஆண்டறிக்கை: வெள்ளவத்தைக் கடைகளும் குறுஞ்செய்தியும்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் நம் சங்கத்தின் மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் நம் பேச்சில் பெரும்பங்கு குறுஞ்செய்தியைப் பற்றித்தான், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முன் காலி வீதியில் தையல்கடை வைத்திருக்கும் நம் அங்கத்தவர் ஒருவர், ‘உடுப்பு ரெடி’ என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஓர் அம்மா பண்டிகை முடிந்த பிறகுதான் கடைக்கு வந்தார். செய்தி அவருடைய போனுக்குப் போயிருக்கிறது, ஆனால் வேண்டாத செய்திகளைப் போன் ஒதுக்கும் ஸ்பாம் பகுதியில் கிடந்திருக்கிறது. பிள்ளை பழைய உடுப்போடு கோயிலுக்குப் போனதாம். கூட்டத்தில் இதைக் கேட்டபோது எனக்கு மனம் கனத்துப் போனது.

அந்தச் செய்தியை எடுத்துப் பார்த்தோம். சாதாரண சிம்மிலிருந்து ஒரே வாசகம் நிறையப் பேருக்குப் போயிருந்தது, கடைசியில் ஒரு சுருக்கிய இணைப்பும் இருந்தது. மோசடிக்காரர்களும் இப்படித்தான் அனுப்புகிறார்கள், அதனால் போனின் வடிகட்டி சந்தேகப்படுகிறது. ஐபோன்களில் 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 மென்பொருளில், தெரியாத எண்களின் செய்திகளைத் தனியே ஒதுக்கும் வசதியும் இருக்கிறது. அதைப் போட்டு வைத்திருப்பவருக்கு நம் செய்தி முதல் பக்கத்தில் தெரியாது.

ஆகவே, கடைப் பெயரில் செய்தி போக, தொலைபேசி நிறுவனத்தினூடாக மாஸ்க், அதாவது எண்ணுக்குப் பதிலாகத் தெரியும் பெயர், எடுக்கச் சொன்னோம். அதில் 11 ஆங்கில எழுத்துக்குமேல் போடமுடியாது. பெயரை ஒருமுறை எடுத்தால் மாற்றாதீர்கள். மாஸ்க்குக்குப் பதில் அனுப்ப முடியாது என்பதால், கடை எண்ணையும் செய்திக்குள் எழுதுங்கள்.

தமிழில் அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலச் செய்தி 160 எழுத்து, தமிழில் 70 தான். அதற்குமேல் போனால் 67, 67 ஆகப் பிரிந்து ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் வரும். ‘தீபாவளி’ நமக்கு 4 எழுத்து, ஆனால் தீ, பா, ளி ஆகியவற்றின் உயிர்க்குறிகளையும் தனியே எண்ணுவதால் போனுக்கு 7. அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டாம். ‘உங்கள் உடுப்பு தயார்’ என்று சுருக்கமாகச் சொன்னாலே போதும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது கல்லாவில் செய்த வேலை. பில் போடும்போதே, “அக்கா, இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள், இதிலிருந்துதான் சொல்லுவோம்” என்று, மாஸ்க் இல்லாமல் கடை எண்ணிலிருந்தே அனுப்பும் சிலர் கேட்கத் தொடங்கினார்கள். சேமித்த எண்ணிலிருந்து வரும் செய்தியைப் போன் பொதுவாக ஒதுக்குவதில்லை. செய்தி வேண்டும் என்று கேட்காத வாடிக்கையாளர்களுக்கு அனுப்பவே கூடாது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வாடிக்கையாளர் எண்களை வேறு கடைக்குக் கொடுப்பதையும் நிறுத்துவோம்.

அப்புறம், அடுத்த தீபாவளிச் செய்திகளை அனுப்புவதற்கு முன் என்னிடம் கொண்டுவாருங்கள். ஒன்றாக இருந்து எழுத்தை எண்ணிப் பார்ப்போம்.