பேரணாம்பட்டு ரோட்டுப் பந்தலில் எங்களோடு உட்கார்ந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போராட்டப் பந்தலைப் பிரித்தாகிவிட்டது. ஷூ கம்பெனிப் பெண்கள் மறுபடி லைனில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஸ்டூடண்ட்ஸ் வந்ததாலதான் ஜெயிச்சாங்க" என்று ஆம்பூர் பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. நாங்கள் வேலூரிலும் காட்பாடியிலும் படிக்கிறவர்கள். போஸ்டர் எழுதினோம், உண்டியல் குலுக்கினோம், வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்தோம். பாரம் சுமந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். பாதிப் பேர் இன்னும் அதே சூப்பர்வைசருக்குக் கீழேதான் வேலை செய்கிறார்கள்.

முதல் நன்றி ஸ்டிச்சிங் அக்காவுக்கு. கோரிக்கைப் பட்டியல் எழுதியபோது கூலி உயர்வு, போனஸ், கம்பெனி பஸ் எதிலும் பிரச்சினை வரவில்லை. கரு கலைந்தாலோ, கருக்கலைப்பு செய்துகொண்டாலோ சட்டப்படி உள்ள ஆறு வார விடுப்பைச் சம்பளத்தோடு தர வேண்டும் என்ற வரி வந்ததும் சங்கத்து அண்ணன்கள் தலையைச் சொறிந்தார்கள். "இதை மைக்கில எப்படிம்மா பேசறது? அப்புறம் பாத்துக்கலாம்." அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "எனக்குக் கலைஞ்ச மூணாம் நாள் மிஷின்ல உக்காந்தேன். டார்கெட் வரலைன்னு லைன் முழுக்கக் கேக்கற மாதிரி திட்டினாங்க. அதுக்கு மைக் தேவைப்படலையே?" அந்த வரியை எடுக்கச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். தொழிலாளர் அலுவலகத்துப் பேச்சுவார்த்தையில் அதை வாசித்தது அவர்கள்தான், காது சிவக்கச் சிவக்க.

அடுத்து, ஈஎஸ்ஐயில் (தொழிலாளர் காப்பீட்டில்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார். மகப்பேறு விடுப்புச் சட்டம் 1961இல் வந்தது, 2017இல் விடுப்பு 26 வாரமானது, இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். பிறகு ஏன் இந்தப் பெண்களுக்குப் பணம் வரவில்லை என்பதுதான் புரியவில்லை. சார் வந்து சம்பளச் சீட்டுகளைக் கேட்டார். ஒரு தங்கச்சி பிஸ்கட் டப்பா நிறைய மடித்து வைத்திருந்ததைக் கொட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டார்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அடுத்தடுத்து வரும் இந்த இரண்டு காலத்திலும் சேர்த்து 70 நாள் சந்தா இருந்தால் போதும், ஈஎஸ்ஐயில் பேறுகாலப் பணம் உண்டு. தங்கச்சி விடாமல் வேலை செய்தவள்தான். ஆனால் சீட்டுகளில் இரண்டு ஈஎஸ்ஐ நம்பர் இருந்தது. நடுவில் பெயரை எடுத்துவிட்டு, வேறு காண்ட்ராக்டரிடம் புது ஆளாகக் காட்டியிருக்கிறார்கள். அதே மிஷின், அதே ஸ்டூல், காகிதத்தில் மட்டும் ஆள் புதுசு. நாட்கள் இரண்டு நம்பரிலும் பிரிந்து கிடந்தன. "ஒருத்தருக்கு ஆயுசுக்கும் ஒரே நம்பர்தாம்மா" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் சீட்டையும் அவரே உட்கார்ந்து சரி பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டார். எங்கள் கோஷங்களையெல்லாம் விட அந்தக் காலண்டர் தாள்தான் பேச்சுவார்த்தையில் பேசியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த செவிலியர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பந்தலின் ஒரு மூலையில் புடவையைத் திரையாகக் கட்டினோம். எங்கள் வகுப்புப் பையன்கள் வெளியே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே அவர் சொன்னதில் பெண்களை நிமிர வைத்தது ஒரு விஷயம். 18 வயது முடிந்த பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்ய அவளுடைய சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ சட்டத்தில் இல்லை. சட்டம் 1971இலிருந்தே இருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், சில நிலைமைகளில் இரண்டு மருத்துவர்கள் பார்த்து 24 வாரம் வரை செய்யலாம். அதில் கல்யாணம் ஆகாதவர்களை ஒதுக்கக்கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மெடிக்கலில் மாத்திரை வாங்கி யாருக்கும் சொல்லாமல் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்கு வந்தவர்கள் அந்தத் திரைக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை நான் எழுத மாட்டேன். அரசு ஆஸ்பத்திரிக்கே போங்கள், உங்கள் பெயரை வெளியே சொல்ல அங்கே யாருக்கும் உரிமை இல்லை என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கூலிப் போராட்டத்துல இது எதுக்கு?" என்று எங்கள் கல்லூரியிலேயே கேட்டார்கள். பிள்ளை வேண்டும் என்றவளுக்கு வேலை போனது, வேண்டாம் என்றவளிடம் புருஷன் கையெழுத்து கேட்டார்கள். இரண்டு இடத்திலும் அவள் உடம்பைப் பற்றி வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காக என்று 1930களிலேயே பேசிய பெரியார் கண் மூடியது இதே வேலூரில்தான். நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

குடியாத்தம் பீடிக்காரப் பெண்கள் அரிசி கொண்டுவந்தார்கள். அவர்கள் கூலி என்னவென்று தெரிந்தால் அந்த அரிசி தொண்டையில் இறங்காது. எங்கள் போஸ்டரை உருதுவில் எழுதித் தந்த வாணியம்பாடி காலா (உருதுவில் சித்தி), நாங்கள் 'பிரசவம்' என்று பூசி மெழுகிய இடத்தில் 'கருக்கலைப்பு' என்றே தெளிவாக எழுதிவிட்டார். டீக்கடை அண்ணன் கடன் நோட்டை எங்கள் கண்ணிலேயே காட்டவில்லை. லேட்டாக வந்த நாட்களில் கேட்டைத் திறந்துவிட்ட ஹாஸ்டல் வார்டனுக்கும் நன்றி. அப்புறம், "உங்க பொண்ணு ரோட்ல நிக்குது" என்று என் வீட்டுக்குப் போன் போட்ட முகம் தெரியாத ஐயா! உங்களால்தான் என் அம்மா மறுநாள் தூக்கு நிறைய முள்ளுக்கத்திரிக்காய் குழம்போடு பந்தலுக்கு வந்தார். உங்களுக்கும் ஒரு கும்பிடு.

கேட்ட கூலி முழுதாகக் கிடைக்கவில்லை. நம்பரை ஒன்றாக்குவதும், ஆறு வார விடுப்பும் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டன. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அதற்கென்று ஒதுக்கிய அறையில் இன்னும் அட்டைப்பெட்டிதான் அடுக்கியிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) தைத்துக் கொடுக்கும் பெண்கள் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை, இந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அவர்களோடு பேச ஆரம்பித்திருக்கிறோம்.

உண்டியல் வரவு செலவு நோட்டு சங்க அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மீதிப் பணத்தை, சம்பளம் பிடித்தம் ஆன காண்ட்ராக்ட் பெண்களுக்குக் கொடுப்பதாக முடிவு. ஸ்பீக்கர் செட் கொடுத்த அண்ணன் வாடகை வாங்க மாட்டேன் என்கிறார். பந்தலில் காணாமல் போன அவருடைய ஒயர் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
போஸ்டர் எழுதிய கூட்டத்தில் ஒருத்தி