சந்தாப் புத்தகத்தை மூடி வையுங்கள், ஐயா

நம் சபையின் செயற்குழுவில் பொறுப்பில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் என் ஸ்தோத்திரம்.

சாவு வீட்டில் சபைச் சந்தா பாக்கியைக் கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று இரண்டு முறை கடிதமாக எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் வாசிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இம்முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. அம்மா காலையில் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, கையில் கித்தாப்பால் வாடை போகாமலே பாட்டுப் புத்தகம் பிடித்த சபை இது. எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததும் இதே ஓய்வுநாள் பள்ளிதான்.

போன மழைக்காலத்தில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு பெரியவர் இறந்துபோனார். முப்பது வருடம் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் லயத்து வீட்டை விட்டு இங்கே வந்தவர். வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். தார்ப்பாய் ஓரத்திலிருந்து மழைத்தண்ணீர் கோடாக ஊற்றிக்கொண்டிருந்தது. பெட்டி உள்ளே இருக்க, நம் சபையிலிருந்து வந்தவர் பிளாஸ்டிக் மேசையில் அந்த நீளமான சந்தாப் புத்தகத்தை விரித்தார். விரல் பெயரைத் தேடிக் கீழே இறங்கியது. முப்பத்தொரு மாதம் பாக்கி. மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 155 வெள்ளி. கட்டினால்தான் கோயில் மணி, கட்டினால்தான் அடக்க ஆராதனை.

மகன் பணப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். முதலில் ஐம்பது வெள்ளியை நீட்டியது பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம். மற்றவர்களும் கொடுத்தார்கள். ரசீது எழுதிய பிறகுதான் மணி அடித்தது. அந்த விதவை அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அந்த ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

சந்தாவே தப்பு என்று நான் சொல்லவில்லை. தோட்டத்துக் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. எல்லாருக்கும் ஒரே நாளில் சம்பளம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால்தான் உபதேசியார் வீட்டில் அடுப்பு எரியும், கோயில் கூரை ஒழுகாமல் இருக்கும். இன்றைக்கு ஒருவர் ஈப்போவில் பாதுகாவலர், ஒருவர் லாரியில் உதவியாள், இன்னொருவருக்கு வேலையே இல்லை. அந்த வாழ்க்கை போய்விட்டது, விதி மட்டும் நிற்கிறது.

மாற்கு ஏழாம் அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். கை கழுவும் முறைமையில் பேச்சு தொடங்குகிறது. ஆனால் இயேசு உடனே கொர்பானுக்கு வந்துவிடுகிறார். பெற்றோருக்குச் செலவழிக்க வேண்டியதை ‘தேவனுக்குக் காணிக்கை’ என்று சொல்லிவிட்டால் போதும், அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று விட்டுவிடும் பழக்கம் அது. அவருடைய கண்டிப்பு பாரம்பரியம் என்ற பெயரில் தகப்பனையும் தாயையும் கனவீனம்பண்ணுவதன் மேல்தான் விழுந்தது. தகப்பனின் பெட்டிக்கு முன்னால் மகனைத் தலைகுனிய வைத்த நமக்கு அந்த அதிகாரத்தில் எந்தப் பக்கத்தில் இடம் என்று யோசித்துப் பாருங்கள்.

“முன்னோர் வைத்ததை நாம் மாற்றலாமா?” என்று கேட்கிறீர்கள். முன்னோர் எத்தனையோ மாற்றினார்களே! ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. கோயிலுக்கு வெளியே ஆத்துமாக்களை இரட்சிப்பது கிட்டத்தட்டப் பாவம் என்றே ஒரு காலத்தில் நினைத்தவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அவரே 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் திறந்தவெளியில் நின்று பிரசங்கித்தார், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைத் தேடிப் போனார். அவர்கள் நம்மைப் போன்ற கூலிக்காரர்கள்தாம். இன்று நாம் பழமை என்று கட்டிப்பிடித்திருப்பது அன்றைக்கு எழுப்புதலாக இருந்தது.

எழுப்புதல் என்றதும் நம் கூட்டங்களில் டிரம்ஸ் வேண்டுமா, ஆர்கன் போதுமா என்ற சண்டைதான் வருகிறது. டிரம்ஸ் வாங்கினால் எழுப்புதல் வந்துவிடாது. கீர்த்தனைகளை விடச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டு ஒன்று எழும்பினால் எனக்கு இன்னும் கண் கலங்கும். கிறிஸ்துமஸ் கீத பவனி, வருடக் கடைசி இரவு ஆராதனை, எல்லாம் இருக்கட்டும். ஆனால் ஒரு காரியம். போன மாதம் என் பேத்தி, “பாட்டி, பரமண்டலம்னா என்ன?” என்று கேட்டாள். மூன்று வருடமாக, அந்தச் சொல் வரும் கர்த்தருடைய ஜெபத்தை ஒப்பிக்கிறாள். மலாய்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு யார் எடுத்துச் சொன்னோம்? ஆராதனைக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினால் போதாதா?

அப்புறம், தாமானில் புதன்கிழமை நடக்கும் வீட்டு ஜெபம். அதற்குப் போகக்கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டினீர்கள். நான் போய்ப் பார்த்தேன். அங்கேயும் எனக்குப் பிடிக்காதது உண்டு. விசுவாசம் இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று ஒருவர் பேசினார். எழுந்து, தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதே வீட்டில், குடித்துவிட்டு மனைவியை அடித்துக்கொண்டிருந்த ஒருவர், எல்லாருக்கும் முன்னால் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு அழுததையும் பார்த்தேன். நம் கோயிலில் நாற்பது வருடத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. போதகர் ஐயா அங்கே போய் உட்கார்ந்தால் தப்பான போதனையும் திருந்தும், பிள்ளைகளும் நம்மை விட்டுப் போக மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. சாவு வீட்டில் இனி சந்தாப் புத்தகத்தை விரிக்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். அந்தச் சுற்றறிக்கையைக் கழற்றுங்கள். அந்த 155 வெள்ளியை அக்கா கையில் திருப்பிக் கொடுங்கள். சபைக் கணக்கில் இடமில்லை என்றால் நான் தருகிறேன், ஆனால் செயற்குழுவே நேரில் போய்க் கொடுக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அந்தப் பையன் கோயிலுக்குள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வேலிக்கு வெளியே மாமரத்தடியில் நிற்கிறான். இந்த ஞாயிறும் நிற்பான். யாராவது ஒருவர் போய் அவனைக் கூப்பிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
சபையின் பழைய பிள்ளை