சுற்றல் எவ்வளவு நேரம் நிற்கிறது?

அன்பு மலர்,

மறுபடியும் தலைசுற்றல், கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கும் என்று சொல்லி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கழுத்துத் தேய்மானம் வயதாக ஆகப் பலருக்கும் படத்தில் தெரியும். அதை வைத்தே தலைசுற்றலுக்குக் காரணம் சொல்லிவிட முடியாது. முதலில் இரண்டு விஷயத்தைக் கவனி: எதைச் செய்தால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது.

படுக்கையில் புரண்டாலோ, பரணை அண்ணாந்து பார்த்தாலோ வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் பெரும்பாலும் உள்காதுதான். அங்கே இருக்கும் பொடிப்பொடியான சுண்ணாம்புப் படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலையை அசைத்தால் அவையும் உருண்டு, குழாயில் உள்ள திரவத்தைத் தள்ளும். ஸ்கேனில் இது தெரியாது. டிக்ஸ்-ஹால்பைக் பரிசோதனையில்தான் தெரியும். உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கட்டில் விளிம்புக்குக் கீழே 20 டிகிரி போல் தலை தாழும்படி பிடித்துக்கொள்வார்கள். சில விநாடி ஒன்றும் இருக்காது. பிறகு சுற்றும், விழிகள் துடிக்கும். பயந்து கண்ணை மூடிவிடாதே. டாக்டர் பார்ப்பதே அந்தத் துடிப்பைத்தான். எந்தக் காது என்று தெரிந்ததும் எப்ளி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படிகங்களைக் குழாயிலிருந்து வெளியேற்றலாம். கழுத்து வலி இருந்தால் முன்பே சொல்லிவிடு.

20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்பதும் மந்தமானால் மெனியர் நோய் என்கிற உள்காதுக் கோளாறா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை. ஆரம்பத்தில் கேட்கும் திறன் தானே திரும்பிவிடும் என்பதால், சுற்றல் வந்த கையோடு எடுப்பது நல்லது.

உனக்கு ஒற்றைத் தலைவலி உண்டே, அதையும் மறக்காமல் சொல். ஒற்றைத் தலைவலியை ஒட்டி வரும் தலைசுற்றல் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீளலாம். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. அந்த நேரத்தில் தலை வலிக்க வேண்டும் என்றுகூட இல்லை. எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால், படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்.

சின்னாரிசின் மாதிரி தலைசுற்றல் மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்காதே. மூளை தானாகச் சமநிலைக்குப் பழகுவதை அவை தாமதப்படுத்தும். பரிசோதனையில் விழித்துடிப்பையும் மறைக்கலாம். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகக் கோணல், கை கால் பலவீனம், நிற்கவே முடியாத தள்ளாட்டம், இதில் ஏதாவது ஒன்று சுற்றலோடு வந்தாலும் காத்திருக்காதே, 108-ஐக் கூப்பிடு.

அடுத்த முறை சுற்றும்போது மாப்பிள்ளையை உன் கண்களை மட்டும் கிட்டத்தில் வைத்து ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகும்போது அதைக் காட்டு. அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், கண்ணு.

அம்மா