வீட்டை வைத்துக் கடன்: முதலில் எந்த வீடு என்று கேளுங்கள்

சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நீங்கள் நடத்தும் நிதி உரைகளுக்கு இப்போது நல்ல கூட்டம் வருகிறது. மகிழ்ச்சி. ஆனால் ‘வீட்டில் முடங்கிக் கிடக்கும் பணத்தை வெளியே எடுப்பது எப்படி’ என்று பேச வருகிறவர் யார், எந்த நாட்டுச் சட்டத்தை வைத்துப் பேசுகிறார் என்று யாராவது முன்கூட்டியே விசாரிக்கிறீர்களா? நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அண்மையில் அப்படி ஓர் உரைக்குப் போயிருந்தேன். எந்த மன்றம் என்பது வேண்டாம். திரையில் வந்ததெல்லாம் அமெரிக்கக் கணக்கு. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்காரர்கள். பேசியவர் கடன் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர் என்பது தேநீர் இடைவேளையில்தான் தெரிந்தது.

அவர் விளக்கியது ‘ஹெலாக்’ எனப்படும் ஹோம் ஈக்விட்டி லைன் ஆஃப் கிரெடிட். அமெரிக்காவில் அது சாதாரணமான விஷயம்தான். வீட்டின் மதிப்பில் ஏற்கெனவே உள்ள கடன் போக மீதி இருப்பதை வைத்து வங்கி ஒரு வரம்பு கொடுக்கும். பெரும்பாலும் முதல் 10 ஆண்டுக்குத் தேவைப்படும்போது எடுக்கலாம், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. அதற்குப் பிறகு 20 ஆண்டு போல அசலும் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். வட்டி நிலையானது அல்ல, அங்குள்ள பிரைம் ரேட் என்ற வங்கிகளின் அடிப்படை வட்டி விகிதத்தோடு ஏறி இறங்கும். அந்த பிரைம் ரேட் 2022 தொடக்கத்தில் 3.25 சதவீதம், 2023 ஜூலையில் 8.5. வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மாதத் தவணை எப்படி எகிறியிருக்கும் என்று பாருங்கள். வரம்பும் நிரந்தரமில்லை. 2008 நெருக்கடியின்போது வீட்டு விலை விழுந்ததும் பல வங்கிகள் வரம்பை முடக்கின, அல்லது குறைத்தன. இதில் ஒன்றையும் அந்த உரையில் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி ஹெலாக் எடுத்துச் சமையலறையைப் புதுப்பித்தார், சரி. இங்கே ஈசூனில் இருக்கும் அக்கா என்ன செய்ய முடியும்?

அக்காவுடையது வீவக வீடு என்றால் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: முடியாது. வீவக வீட்டை வாங்க வங்கியில் கடன் எடுக்கலாம், வட்டி குறைவான வங்கிக்கு அந்தக் கடனை மாற்றலாம். கையில் ரொக்கம் வாங்குவதற்காக வீட்டை அடமானம் வைக்க முடியாது. பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உரிமையாளர்களில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால், அவர் நொடித்துப்போனாலும் கடன் அட்டைக்காரரோ வியாபாரக் கடன்காரரோ வீவக வீட்டைத் தொட முடியாது. தனியார் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே ‘வீவக வீட்டின் மேல் உடனடிப் பணம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் அதை அனுப்பியவர் வேறு எதையோ விற்கிறார். உரிமம் பெற்ற கடன் கொடுப்போரிடமே மாதத்துக்கு 4 சதவீதம் வரை வட்டி போடலாம். தேக்காவில் நகையை அடகு வைத்தால்கூட உச்சவரம்பு மாதம் 1.5 சதவீதம்தான், கட்ட முடியாவிட்டால் போவது அந்த நகையோடு முடிந்துவிடும்.

வீவக வீட்டிலிருந்து பணம் வரும் வழிகள் வேறு. அறையை வாடகைக்கு விடலாம், ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும். சின்ன வீட்டுக்கு மாறலாம். 65 வயதானவர்களுக்கு வீட்டின் மீதமுள்ள குத்தகைக் காலத்தின் ஒரு பகுதியை வீவகவிடமே திரும்ப விற்கும் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் மாதம் 14,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும், குத்தகையும் குறைந்தது 20 ஆண்டு மிச்சம் இருக்க வேண்டும். அந்தப் பணம் முதலில் மசேநிதி (மத்திய சேம நிதி) ஓய்வுக்காலக் கணக்குக்குப் போய், அங்கிருந்து மாதாமாதம் வரும். மகளின் கல்யாணத்துக்கு மொத்தமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி கொண்டோ, தரைவீட்டுக்காரர்கள். இவர்கள் வீட்டின் மதிப்பை வைத்துக் கடன் எடுக்கலாம். ஆனால் இங்கே வங்கிகள் பெரும்பாலும் கொடுப்பது மொத்தமாக ஒரு தொகை. முதல் மாதத்திலிருந்தே முழுத் தொகைக்கும் வட்டி ஓடும். எடுத்த அளவுக்கு மட்டும் வட்டி வேண்டும் என்றால், வீட்டை ஈடாக வைத்து ஓவர்டிராஃப்ட் (வரம்புக்குள் தேவைப்படும்போது எடுக்கும் வசதி) தரும் சில வங்கிகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? எங்கள் மேசைக்கு வந்தவர்களில் பலரும் இங்கேதான் திகைத்துப் போவார்கள். வீட்டின் மதிப்பு 15 லட்சம் வெள்ளி, பாக்கிக் கடன் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் நம்முடையது என்றுதான் மனம் கணக்குப் போடும். வங்கி 15 லட்சத்தில் 75 சதவீதத்திலிருந்து தொடங்கும்: 11,25,000. வயது கூடுதலாக இருந்தாலோ வேறொரு வீட்டுக் கடன் இருந்தாலோ அதுவும் குறையும். பாக்கி 5 லட்சத்தைக் கழித்தால் 6,25,000. அப்புறம் மசேநிதி. வீட்டுக்காக எடுத்த தொகையும், அது மசேநிதி சாதாரணக் கணக்கிலேயே இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் 2.5 சதவீத வட்டியும் கழிக்கப்படும். அது மூன்றரை லட்சம் என்றால் கைக்கு வருவது 2,75,000. பத்து எங்கே, இரண்டேமுக்கால் எங்கே!

அதுவும் முழுதாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கார் கடன், கடன் அட்டை எல்லாம் சேர்த்து மாதத் தவணைகள் வருமானத்தில் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2013ல் 60 ஆகத் தொடங்கியதை 2021 டிசம்பரில் 55 ஆக இறுக்கினார்கள். வங்கி இதை இன்றைய வட்டியில் பார்க்காது, குறைந்தது 4 சதவீதம் என்று வைத்துப் பார்க்கும். கடன் வீட்டு மதிப்பில் பாதிக்குள் அடங்கினால் இந்த வருமான வரம்பு பொருந்தாது என்று 2017ல் சிங்கப்பூர் நாணய ஆணையம் தளர்த்தியது. ஓய்வு பெற்றவர்களுக்கு அது உதவியாக இருக்கும். ஆனால் அனுமதி கிடைப்பதும் கட்ட முடிவதும் ஒன்றல்ல. அதே 2,75,000ஐ 20 ஆண்டில் 2 சதவீத வட்டியில் கட்டினால் மாதம் சுமார் 1,390 வெள்ளி. 4 சதவீதமானால் சுமார் 1,670. இப்படி ஏறுமா என்று கேட்காதீர்கள். இங்கே வீட்டுக் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் மூன்று மாத சோரா விகிதம் 2021 முடிவில் கால் சதவீதம்கூட இல்லை, 2023 முடிவில் மூன்றரையைத் தாண்டி நின்றது. இது போக வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் அடைத்தால் அபராதம்.

கையெழுத்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கூட்டு உரிமையில் இருக்கும் வீட்டுக்கு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கணவர் பேசிக்கொண்டே இருப்பார், மனைவி காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போவார். மகனின் வியாபாரத்துக்காகத் தரைவீட்டை எழுதிக் கொடுக்க வந்த பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். மகன் தவணை கட்டத் தவறினால் வங்கி வீட்டை விற்கலாம். விற்ற பணத்தில் வங்கிக்கும் மசேநிதிக்கும் போனது போக மிஞ்சினால்தான் கையில். விலை இறங்கிய நேரத்தில் விற்றால் அடிபடுவது அந்த அம்மாவின் ஓய்வுக்காலப் பணம். “உங்களுக்குச் சம்மதமா?” என்று அவரைத் தனியாகக் கேட்க எனக்கு எப்போதும் வாய்ப்பு இருந்ததில்லை. உங்கள் கூட்டங்களில் பெண்கள்தானே அதிகம் வருகிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.

ஆகவே சில கோரிக்கைகள். பேச்சாளர் எதிலாவது கமிஷன் வாங்குபவரா என்பதை அழைப்பிதழிலேயே போடுங்கள். உரையின் தொடக்கத்தில் வீவக வீட்டுக்காரர்கள் யார், தனியார் வீட்டுக்காரர்கள் யார் என்று கையைத் தூக்கச் சொல்லுங்கள். இரு தரப்புக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குங்கள். வருகிறவர்கள் மசேநிதி இணையப்பக்கத்தில் தங்கள் வீட்டுக்கு எடுத்த தொகையையும் அதன் வட்டியையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும், தம்பதியாக வரட்டும். திரையில் வெளிநாட்டுக் கணக்குகள் வேண்டாம். ஏற்கெனவே கடனில் சிக்கியவர்களுக்கு கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இருப்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

பேச ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன், பணம் வேண்டாம். ஒரு வெள்ளைப் பலகையும் கேள்விக்கு ஒரு மணி நேரமும் கொடுங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு இரண்டையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதற்கே இருபது நிமிடம் போய்விடுகிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வீட்டுக் கடன் அதிகாரி ஒருவர்