இறங்க இடம் இருக்கிறதா என்று கேள்

காரைக்குடி
செப்டம்பர் 2025

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். உன் பெரியவனுக்கு மாற்றல் வந்ததைக் கோமதி அக்கா சொன்னார்கள். சந்தோஷம். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

இது வேறு விஷயம். அடுத்த வருஷம் கைலாசம் போக நீயும் உன் வீட்டுக்காரரும் பணம் கட்டிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் போனைத்தான் எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். போனில் சொன்னால் "சரிடி, பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மருமகள் கதைக்குத் தாவிவிடுவாய். எழுதி வைத்தால் அண்ணனும் படிப்பார். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். காபி போட்டுக்கொண்டு உட்கார்.

நான் கிர்கிஸ்தானில் மலையேறப் போய் வந்த படங்களைப் பார்த்தாய். அந்தப் படங்களில் இல்லாத ஒன்று அங்கே நடந்தது. அது உனக்குப் புரிய வேண்டுமென்றால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும்.

பிஷ்கெக்கில் இறங்கியதுமே தமிழ் காதில் விழுந்தது. தேனிப் பக்கத்துப் பேச்சு. மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகள். அங்கிருந்து இஸிக்-குல் ஏரிக்கரையோடு கரகோல் என்ற ஊருக்குப் போனோம். கடல் மட்டத்திலிருந்து 1607 மீட்டர் உயரத்தில், 668 மீட்டர் ஆழத்தில் ஒரு ஏரி, மீனா! சுற்றிலும் பனிமலை, ஆனால் மார்கழிக் குளிரிலும் அது உறையாதாம். லேசாக உப்புக் கரிக்கும். கரகோலில் துங்கான் மக்கள் விற்கும் அஷ்லான்-ஃபூ சாப்பிட்டேன். குளிர்ந்த நூடுல்ஸில் வினிகரும் மிளகாயும் தூக்கலாக இருக்கும். உன் நாக்குக்கு ஏற்றது.

கரகோலிலிருந்து பழைய ராணுவ லாரி ஒன்றில் சோன்-அஷு கணவாயைத் தாண்டினோம். 3822 மீட்டர். அந்தப் பக்கம் சீன எல்லைப் பகுதி என்பதால் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். சிப்பாய்கள் சரிபார்த்துத்தான் விடுகிறார்கள். வழியில் இனில்செக் என்று ஒரு ஊர். சோவியத் காலத்தில் வெள்ளீயச் சுரங்கத்துக்காகக் கட்டினார்கள். நாடு உடைந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். ஜன்னல் இல்லாத மாடிக் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. அதைத் தாண்டிச் சாலை முடிகிறது. அதற்குமேல் நடந்துதான் போக வேண்டும்.

நாங்கள் நடந்தது தெற்கு இனில்செக் பனியாற்றின் மேல். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். துருவப் பகுதிகளை விட்டுவிட்டால் உலகத்தின் நீளமான பனியாறுகளில் ஒன்று. எத்தனை வருஷம் வகுப்பில் பனியாறு நடத்தினேன்! கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு பட்டை போட்டு, இதுதான் பிள்ளைகளே என்று காட்டுவேன். அங்கே முதல் இரண்டு நாளும் வெள்ளையே கண்ணில் படவில்லை. கல் குவாரிக்குள் நடப்பது போல இருந்தது. மலைகளிலிருந்து சரிந்து விழுந்த பாறை எல்லாம் பனியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கல்லைப் புரட்டினால்தான் அடியில் பச்சை கலந்த கறுப்பு நிறத்தில் பனி தெரியும். எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று காலடிக்குப் பக்கத்தில் ஓர் ஓடை வழவழப்பான குழிக்குள் சுழன்று இறங்கிக் காணாமல் போகும். அந்தக் குழிகளின் ஓரமாகப் போகக் கூடாது என்று எங்கள் வழிகாட்டி கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்துவார். முப்பது வயதுக் கிர்கிஸ் இளைஞர். அதிகம் பேசமாட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஏரியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. தெற்கு இனில்செக்குக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வடக்கு இனில்செக் என்று இன்னொரு பனியாறு. இரண்டுக்கும் நடுவே ஒரு ஏரி. 1903-ல் ஜெர்மனிக்காரர் கோட்ஃபிரீட் மெர்ட்ஸ்பாகர் கான் தெங்ரி சிகரத்தின் அடிவாரத்தைத் தேடி வந்தபோது வடக்குப் பள்ளத்தாக்கில் நுழைய முடியாமல் இந்தத் தண்ணீர் மறித்தது. அவர் தெற்கு வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு ஏரிக்கு அவர் பெயர்தான். அதன் அணை முழுக்கப் பனி. கோடையில் உருகும் நீர் சேரச் சேர மட்டம் உயர்கிறது. பனி தண்ணீரை விட எடை குறைவு இல்லையா, ஓர் அளவு வந்ததும் அணையின் அடி மிதக்கத் தொடங்குகிறது. நீர் கீழே வழி கண்டுபிடித்து, பனியை உருக்கி, சுரங்கத்தை அகலமாக்கிக்கொண்டே போகிறது. சில நாளில் மொத்த ஏரியும் வடிந்து, பனியாற்றின் அடி வழியாக ஓடிக் கீழே வெள்ளமாக வெளிவருகிறது. அநேகமாக ஒவ்வொரு கோடையும் இது நடக்கிறது. அந்த வெள்ளம் சாரி-ஜாஸ் ஆறாகிச் சீனாவுக்குள் போய், அக்சு ஆறாகி, தாரிம் நதியில் கலந்து, கடைசியில் தக்லமக்கான் பாலைவனத்தில் முடிகிறது. கடலைப் பார்க்காத தண்ணீர்.

நாங்கள் போனபோது ஏரி வடிந்து முடிந்திருந்தது. வீடு வீடாகப் பனிப்பாளங்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கொஞ்ச நாள் முன்பு வரை அவை மிதந்துகொண்டிருந்தவை. பக்கத்து மேட்டில் பிஷ்கெக் விஞ்ஞானிகளும் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்தும் ஆய்வு நிலையம் இருக்கிறது. நான் அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பாடம் நடத்திய அத்தனை பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று இருந்தது.

சரி, இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் புனேயிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதுதான். மாரத்தான் ஓடுகிறவர். தினமும் முகாமுக்கு முதலில் போய்ச் சேருகிறவர் அவர்தான். மெர்ட்ஸ்பாகர் மேட்டைத் தாண்டி மேலே ஏறிய நாளில் அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். எனக்கும்தான் பசி இல்லை, நீ கொடுத்துவிட்ட நார்த்தங்காயை நக்கிக்கொண்டுதான் சூப் குடித்தேன். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவர் கடைசியில் நடந்தார். தலைவலியா என்று வழிகாட்டி கேட்டதற்கு, இல்லை, தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான் என்றார். சாயங்காலம் ஷூ கயிற்றைக் கட்ட அவருக்கு வெகுநேரம் ஆனது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். களைப்பு என்று நினைத்தேன். வழிகாட்டி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, தரையில் கம்பால் ஒரு கோடு கிழித்து, குதிகாலை மறுகால் விரலில் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். நாலு அடிகூட வைக்க முடியவில்லை, மீனா. குடித்தவர் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்தார். "நாளைக்கு மேல் முகாம்தானே, ஒன்றுமில்லை" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். யார் என்ன கேட்டாலும் அதே பதில்.

மூளையில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்று அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார்கள். அவர் இரண்டு நாளாகத் தலைவலியை மறைத்திருக்கிறார். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். வழிகாட்டி மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தைக் கொடுத்தார், ஆக்சிஜன் வைத்தார், சாட்டிலைட் போனில் ஹெலிகாப்டர் கேட்டார். மேகம் இறங்கிவிட்டது, வர முடியாது என்று பதில். அப்படியானால் இறக்க வேண்டும். இதற்கு உண்மையான மருந்து இறங்குவது ஒன்றுதான். மாத்திரை எல்லாம் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவே.

ஆனால் எங்கே இறங்குவது? இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். நம் ஊர் மலையில் தலை சுற்றினால் ஒரு மணி நேரத்தில் அடிவாரம். பனியாறு அப்படி இல்லை. மெல்ல மெல்லத்தான் சரிகிறது. 500 மீட்டர் உயரம் குறைய வேண்டுமென்றால் கற்குவியலிலும் வெடிப்பிலும் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். ராத்திரி. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வழிகாட்டியும் சுமை தூக்கும் பையன்கள் மூன்று பேரும் அவரை நடுவில் விட்டு, கையைப் பிடித்தும் சில இடங்களில் முதுகில் சுமந்தும் கூட்டிப் போனார்கள். சமையல்காரம்மாவுடன் நாங்கள் கூடாரத்தில் விழித்திருந்தோம். விடியும்போது மெர்ட்ஸ்பாகர் மேட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று போனில் செய்தி வந்தது. பேச்சு தெளிந்திருக்கிறது என்றார்கள். மறுநாள் மேகம் விலகி ஹெலிகாப்டர் வந்து அவரை எடுத்துப் போனது. இப்போது நலமாக இருக்கிறார். போன வாரம் பேசினேன்.

நாங்கள் மிச்ச வழியை நடந்து, 4000 மீட்டரில் இருக்கும் அடிமுகாமுக்குப் போனோம். கான் தெங்ரியைப் பார்த்தேன். பளிங்குக் கூம்பு. சாயங்காலம் மற்ற மலைகள் இருட்டிய பிறகும் அது மட்டும் சிவப்பாக நிற்கிறது. எதிரே ஜெங்கிஷ் சோகுசு, 7439 மீட்டர். 1943-ல் அளந்து பார்க்கும் வரைக்கும் தியான் ஷானில் கான் தெங்ரிதான் உயரம் என்று நினைத்திருந்தார்களாம். அங்கே நின்று பார்த்தால் அதில் ஆச்சரியமே இல்லை. அந்தச் சிவப்பைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். எதற்கு என்று பிரித்துச் சொல்ல வரவில்லை.

இப்போது உன் பயணத்துக்கு வருகிறேன். உங்களைக் கூட்டிப்போகும் ஏஜென்சியின் துண்டுச்சீட்டைக் கோமதி அக்கா எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். காத்மாண்டு 1400 மீட்டர். திபெத் எல்லை ஊர் கெருங் 2800. அங்கே ஒரு ராத்திரி. அடுத்த நாளே சாகா, 4500-க்கு மேல். அதற்கு மறுநாள் மானசரோவர், 4590. பிறகு கைலாசத்தைச் சுற்றும் பரிக்கிரமா, அதில் டோல்மா லா கணவாய் 5630. அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். 3000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. நாங்கள் அப்படித்தான் மெதுவாக ஏறினோம். அப்படியும் ஒருவருக்கு வந்தது. உங்களை ஒரே நாளில் 1700 மீட்டர் தூக்குகிறார்கள், அதுவும் பஸ்ஸில், உடம்புக்கு ஒரு சேதியும் தெரியாமல். அப்புறம் திபெத் பீடபூமி எங்கள் பனியாற்றை விட மோசம். மானசரோவரில் ஒருவருக்கு முடியாமல் போனால் இறங்கப் பக்கத்தில் பள்ளமே இல்லை. தக்லகோட் ஊரே 3900 மீட்டர். அதற்கும் வெகுதூரம் வண்டியில் போக வேண்டும்.

போகாதே என்று சொல்ல மாட்டேன். குதிரை வருஷம், ஒரு சுற்று பதின்மூன்று சுற்றுக்குச் சமம் என்று திபெத்தியர் நம்புகிறார்கள், அண்ணனுக்கு எத்தனை நாள் ஆசை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏஜென்சிக்காரரிடம் கேள். கெருங்கில் இன்னும் இரண்டு ராத்திரி சேர்க்க முடியுமா, நடுவில் 3500-க்குப் பக்கத்தில் ஒரு நாள் நிறுத்த முடியுமா என்று கேள். பணம் கூடினால் கூடட்டும். ராத்திரி ஒருவருக்கு முடியவில்லை என்றால் எந்த வண்டியில், யார் கூட வந்து, எந்த ஊருக்கு இறக்குவார்கள் என்று கேள். "அம்மா, ஈஸ்வரன் பார்த்துப்பார்" என்று பதில் வந்தால் அந்த ஆளோடு போகாதே. ஈஸ்வரன் பார்த்துக்கொள்வார்தான். கூட வருகிறவனும் பார்க்க வேண்டும்.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரையை எல்லோருக்கும் கையில் கொடுப்பார்கள். நீ உன் டாக்டரைக் கேட்காமல் வாயில் போடாதே. ஹாஸ்டலில் சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உனக்கு உடம்பெல்லாம் தடித்ததே, வார்டன் அலறியது நினைவிருக்கிறதா? டயமாக்ஸும் அந்த வகைச் சேர்மானம்தான் என்று எங்கள் குழுவில் இருந்த டாக்டர் சொன்னார். பி.பி. மாத்திரை விஷயத்தையும் சேர்த்துக் கேள். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டினோமே, அந்த ஆக்சிமீட்டரை எடுத்துப் போ. ஆனால் அதையே நம்பாதே. தலைவலி, குமட்டல், நடையில் தள்ளாட்டம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் வாயைத் திறந்து சொல்.

அந்த வாயைத் திறப்பதுதான் எனக்குக் கவலை. பழநிப் பாதயாத்திரையில் குன்றக்குடி தாண்டும்போதே குதிகால் கொப்புளம் உடைந்துவிட்டது, நத்தம் வந்தும் நீ சொல்லவில்லை. சாக்ஸைக் கழற்றினால் தோலோடு வந்தது. எல்லோரும் உன் வைராக்கியத்தைப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன். புனேக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த ராத்திரியில் எனக்கு உன் முகம்தான் வந்தது, மீனா. நீயும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே "ஒன்றுமில்லை" என்பாய். டோல்மா லா தெரிகிற தூரத்தில் இருக்கும்போது உன்னைத் திரும்பச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? அண்ணனுக்கு வராது.

அண்ணா, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். தினமும் காலையிலும் ராத்திரியும் அவளை ஒரு கோட்டில் குதிகால் வைத்து நடக்கச் சொல்லுங்கள். நீங்களும் அவள் எதிரில் நடந்து காட்டுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் திருச்சிக்கு வருகிறேன். ஏஜென்சிக்காரர் கொடுத்த நாள்வாரித் திட்டத்தின் முழுப் பிரதியையும் வாங்கி வை. உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் எத்தனை மீட்டர் என்று குறித்துப் பார்ப்போம். குளிருக்கென்று புது ஜாக்கெட் வாங்காதே, என்னுடையதை எடுத்து வருகிறேன், உனக்குச் சரியாக இருக்கும். பெரியவனுக்கு என் ஆசி. உடனே பதில் எழுது.

உன்,
வள்ளி